கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரி



சப்ளை செயின் என்றாலே ரோபோ, ட்ரோன், செயற்கை நுண்ணறிவு என்றுதான் பேச்சு ஓடுகிறது. என்னைக் கேட்டால், நம் நாட்டுச் சரக்குப் போக்குவரத்தைப் புரட்டிப் போட்டது ஒரு வரிச் சட்டம். இயந்திரங்கள் அதன் பின்னால் வந்தவை.

முன்பெல்லாம் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் 2 சதவீத மத்திய விற்பனை வரி உண்டு. அதே சரக்கைத் தன் சொந்தக் குடோனுக்கு அனுப்பினால் அந்த வரி இல்லை. அதனால் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் போட்டன. கோவையில் கிடக்கும் சரக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாலக்காட்டுக் கடைக்குக் கொச்சிக் குடோனைச் சுற்றிக்கொண்டு போன காலம் அது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்ததும் அந்தத் தேவை போயிற்று. சிறு குடோன்கள் மூடப்பட்டன. ஒரகடம், ஹொஸ்கோட்டை, பிவண்டி போன்ற இடங்களில் பெரிய கிடங்குகள் எழும்பின. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்று மென்பொருள் சொல்வதும், பார்கோடைப் படித்துக் கணக்கு வைப்பதும் அங்கேதான் கட்டுப்படியாகும்.

சாலையிலும் மாற்றம் தெரிந்தது. வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். விற்பனை வரிச் செக்போஸ்ட்கள் போய், 2018 ஏப்ரலில் சரக்குடன் போகும் மின்னணுச் சீட்டான ஈ-வே பில் வந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. ஈ-வே பில்லுக்குக் காலாவதியும் உண்டு. முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். லாரி வேகமாக ஓடும் என்று அரசே நம்பத் தொடங்கிவிட்டது!

லாரி என்னவோ ஓடிவிடுகிறது. வந்து சேர்ந்த பிறகுதான் வம்பு. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு புக்கிங் ஆபீஸில் போய் உட்காருங்கள். டீசல் விலைக்கு அடுத்தபடியாகக் காதில் விழும் சொல் ‘ஹால்டிங்’. கம்பெனி கேட்டில் டோக்கன் வாங்கிவிட்டு, லோடு இறக்க முறை வரும்வரை காத்துக் கிடப்பது. ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். ஜிபிஎஸ் திரையில் அந்த வண்டி ‘வந்துவிட்டது’. டிரைவரோ ரோட்டோரத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருப்பார்.

தேவைக்கு மேல் சரக்கை அடுக்கி வைக்காதே என்பது இந்தத் துறையின் சிந்தனை. நல்லதுதான். ஆனால் உள்ளே இடத்தைக் குறைத்துக்கொண்டு, வெளியே நிற்கும் லாரியை வாடகையில்லாக் குடோனாக வைத்துக்கொள்வதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் செலவு லாரிக்காரர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். இறக்கும் நேரத்தை முன்கூட்டியே செல்போனில் ஒதுக்கித் தர இன்றைக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். ஹால்டிங் காசை ஒப்பந்தத்தில் எழுதி, எழுதியபடி கொடுத்தால் போதும். நேரம் ஒதுக்கும் அக்கறை கம்பெனிகளுக்குத் தானாக வந்துவிடும்.

கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஒரே நேரத்தில் பத்து வண்டி வந்து நின்றால் லோடுமேனுக்கு எங்கே போவது? அதையும் கேட்க ஆசை. லாரி உரிமையாளர்கள், டிரைவர்கள், அவர்கள் வீட்டார், கிடங்கில் வேலை பார்ப்பவர்கள், பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். எழுத்தில் ஏற்றும் வேலை எங்களுடையது.

அன்புடன்,
ஆசிரியர்