ஆஸ்கரைவிடப் பெரிய வெற்றி

ஹாட்டி மெக்டேனியல் என்றதும் ஆஸ்கரைத்தான் சொல்வார்கள். 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்ததற்காக 1940இல் அந்த விருதைப் பெற்றார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் விழாவில் சக நடிகர்களோடு அவரை உட்காரவிடவில்லை; சுவரோரமாகத் தனி மேசை. விருதுக்குப் பிறகும் பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே வந்தன.

அந்த வேடங்களை ஏற்றதற்காகக் கறுப்பின உரிமை அமைப்பினரே அவரை விமர்சித்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் வாழ்க்கை திரையோடு முடியவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸின் சுகர் ஹில் பகுதியில் வீடு வாங்கினார். கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று சொத்துப் பத்திரங்களிலேயே நிபந்தனை இருந்தது. அவர்களை வெளியேற்ற வெள்ளையர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். ஹாட்டி ஒதுங்கவில்லை, அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைத் திரட்டி நீதிமன்றத்தில் நின்றார். 1945இல் வென்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, வேறொரு வழக்கில், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது.

1952இல் ஹாட்டி இறந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் இடம் தர மறுத்தது. தனித் தெரு, தனிச் சுடுகாடு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1999இல்தான் அங்கே அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது.

தோழர்களே, நம்மில் ஒருவர் விருது வாங்கும்போது கைதட்டுவோம். கூடவே கேட்போம்: அதே ஊரில் அவருக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா?