பஞ்சு மாற்று படலம்

சென்ற வாரம் ஆபீஸில் டீ நேரத்தில் பக்கத்து ஸீட் தம்பி என் பக்கம் குனிந்து, "சார், ஓப்பன் பேக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லாயிருக்கும்?" என்றான். எதிரே உட்கார்ந்திருந்த சூப்பரின்டெண்டென்ட் அம்மாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஓப்பன் பேக் தையல்காரர் சம்பந்தப்பட்டது. "ஹெட்போன் மேடம், ஹெட்போன்!" என்று நான் அவசரமாகச் சொன்ன பிறகுதான் பையனுக்கு ஆபீஸில் நல்ல பெயர் மிஞ்சியது.

ஹெட்போன் விஷயத்தில் கதிர்காமம் பூராவும் என்னைக் கேட்டுத்தான் முடிவெடுக்கிறது. கதிர்காமம் என்றால் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் என் மச்சான். அவர் கேட்பார், வாங்க மாட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர். அதன் சவ்வு ஆடும்போது முன்பக்கம் வருகிற மாதிரியே பின்பக்கமும் சத்தம் வரும். சாதாரண ஹெட்போனில் பின்பக்கத்தை பிளாஸ்டிக் கிண்ணத்தால் மூடிவிடுகிறார்கள். சத்தம் அதற்குள் முட்டி மோதித் திரும்புகிறது. ஓப்பன் பேக்கில் கிண்ணம் கிடையாது, வெறும் வலைதான். பின்பக்கத்துச் சத்தம் காற்றோடு போய்விடும். அடைத்த ரூமில் கச்சேரி கேட்பதற்கும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம். பாடுகிறவர் உங்கள் மண்டைக்குள் சம்மணம் போட்டு உட்காராமல், கொஞ்சம் எட்ட நின்று மரியாதையாகப் பாடுவார்.

நஷ்டம் இரண்டு. அடிவயிற்றில் இடிக்கிற பேஸ் குறையும். அடுத்தது, ரகசியமே கிடையாது. நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்குக் கொசு சைஸில் கேட்கும். ஊரில் நடப்பது அத்தனையும் உங்களுக்குக் கேட்கும். வழுதாவூர் ரோட்டில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போனால், கண்டக்டர் விசிலுக்கு நடுவே கொஞ்சம் இளையராஜா கேட்கலாம்.

இந்த இரண்டாவது நஷ்டத்துக்காகத்தான் நான் அதை வாங்கினேன்.

அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது மூடிய ரகம். கருப்புத் தோல் மெத்தை வைத்தது. மாட்டினால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. ஒரு ராத்திரி பத்தரை மணி. மனைவி குழந்தையோடு வில்லியனூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு 'ஹவ் டு நேம் இட்' கேட்டுக்கொண்டிருந்தேன். 1986ல் வந்த இளையராஜா ஆல்பம். முதலிலிருந்து கடைசிவரை. முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் பின்கட்டிலிருந்து "தம்பி... தம்பி..." என்று சன்னமாக ஒரு குரல். அம்மா பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கே?"

"இப்பதாம்பா."

புடவையில் ஈரம் பாதி காய்ந்திருந்தது.

கூப்பிடு தூரத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். டியூட்டி டாக்டருக்கு என் தங்கை வயசு இருக்கும். "வீட்ல யாரும் இல்லையாம்மா? கூப்பிட்டிருக்கலாமே" என்றார். அம்மா என்னைக் காட்டி, "இவன் இருந்தாம்மா. பாட்டு கேட்டுக்கிட்டிருந்தான்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், தொந்தரவு பண்ணவில்லை என்கிற குரல். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் அந்த ஹெட்போன் பீரோ மேலே போயிற்று. ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால், மெத்தையின் தோல் கருப்பு அப்பளமாக உரிந்து கொட்டுகிறது. போட்டுப் பார்த்ததில் காதோரம் கரி. "அடுப்புல காதை வச்சீங்களா?" என்றாள் மனைவி. விசாரித்ததில் அது தோலே இல்லையாம். துணிமேல் பூசிய பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். வியர்வையும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் கூடச் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். சும்மா பீரோ மேலே கிடந்தாலும் உரியும். புதுச்சேரி கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். தோல் மெத்தை ஹெட்போனை வியர்க்காமல் போட்டுக்கொள்ள இங்கே ஒரே வழி, மார்கழியில் மட்டும் பாட்டு கேட்பது.

அப்புறம்தான் பிலிப்ஸ் எஸ்.ஹெச்.பி. 9500 வந்தது. செகண்ட் ஹாண்ட். 50 மி.மீ. ஸ்பீக்கர், 32 ஓம், துணி மெத்தை. ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், செல்போனிலேயே பாடும். உலகம் பூராவும் மிடில் கிளாஸ் காதுக்காரர்கள் கொண்டாடிய மாடல் இது. முதல் ராத்திரி 'ப்ரியா' பாட்டுக்கள் போட்டேன். தமிழில் ஸ்டீரியோவில் பாட்டு பதிவான முதல் படம் என்று சொல்லப்படுகிற 1978 படம். வயலின்கள் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம், நடுவில் ஜேசுதாஸ், அதற்கும் அப்பால் எங்கள் வீட்டு சீலிங் ஃபேன். மூன்றாவது பாட்டில் அம்மா இருமினாள். கேட்டது. எழுந்து போய் வெந்நீர் கொடுத்துவிட்டு வந்து மீதியைக் கேட்டேன்.

பஞ்சு படலம் இதற்கப்புறம்தான் ஆரம்பம்.

இரண்டு வருஷத்தில் மெத்தை அமுங்கி அடையாகிவிட்டது. காது உள்ளே போய் இடிக்கிறது. சத்தமும் மாறிப்போய், எல்லோரும் மூக்கடைப்போடு பாடினார்கள். மெத்தை என்றால் குஷன், சுகத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரம், நடுவில் எவ்வளவு காற்று, அது எந்தச் சந்து வழியாகக் கசியும் என்று மூன்றையும் தீர்மானிப்பது அதுதான். அதே ஹெட்போனில் தோல் மெத்தை வைத்தால் இடைவெளி இல்லாமல் ஒட்டி பேஸ் கூடும். வெல்வெட் வைத்தால் கசிந்து குறையும். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு அந்தக் காம்பு வேறு ஒரு சந்து போடும். அதன் வழியாக ஓடிப்போவதும் பேஸ்தான். பாடகரை மாற்றாமல் குரலை மாற்ற வேண்டும் என்றால் பஞ்சை மாற்றினால் போதும்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தேடினேன். ஜீன்ஸ், குக்கர் கைப்பிடி, பழைய புத்தகம் எல்லாம் தாண்டி ஒரு செல்போன் சாமான் தம்பி.

"ஹெட்போன் பஞ்சு இருக்கா?"

"இருக்குண்ணா" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினான். எட்டணா சைஸில் கருப்பு ஸ்பாஞ்ச் வட்டங்கள். "ஜோடி பத்து ரூபா."

வாக்மேன் பஞ்சு! 1979ல் சோனி முதல் வாக்மேனை விற்றபோது கூடக் கொடுத்த ஹெட்போனும் இந்த மாதிரி மெலிசான ஸ்பாஞ்ச் வைத்ததுதான். வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே வரும், பாட்டு தாராளமாக வெளியே போகும். தொண்ணூறுகளில் வாக்மேனோடு பஸ்ஸில் போய்ப் பக்கத்து ஸீட்காரருக்கும் இலவசமாகப் பாட்டு போட்டவர்கள் அத்தனை பேரும் ஓப்பன் பேக் ரசிகர்கள்தான். பெயர் தெரியாமல் இருந்தார்கள். ஞாபகத்துக்காக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டேன். அது என் ஹெட்போனுக்கு மூக்குத்தி மாதிரி இருந்தது.

கடைசியில் வெல்வெட் பஞ்சு தபாலில் வந்தது. அடுத்த சிக்கல்: 9500ல் மெத்தையைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றி மாற்றுவான் ஒருவன் என்று கம்பெனிக்குத் தோன்றவே இல்லை. மெதுவாக விரலை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். பரக்கென்று ஒரு சத்தம் வரும். பிய்ந்தது பசையா, ஸ்பீக்கரா என்று அந்த ஒரு வினாடியில் தெரியாது. பசைதான். டபுள் டேப் ஒட்டிப் புதுப் பஞ்சை உட்கார வைத்தேன். போட்டுக் கேட்டால் எஸ்.பி.பி. கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார். பஞ்சு உயரம் ஜாஸ்தி. மறுபடி மெலிசாக ஒன்று வரவழைத்தேன். அவர் கிணற்றை விட்டு ஏறி வந்தார்.

"ஹெட்போன் விலைய விடப் பஞ்சு விலை ஜாஸ்தியாயிடுச்சு, தெரியுமா?" என்றாள் மனைவி. வீட்டில் கணக்கு எழுதுகிறவர்களிடம் இந்த சாஸ்திரம் எல்லாம் எடுபடாது.

இந்த வைபவத்தை நான் வராந்தாவில் நடத்திக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு முசே வந்து நின்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிடையர் ஆன சொல்தா. மாதாமாதம் பாரிஸ் பென்ஷன், சாயங்காலம் பெதாங்க். "இதோட தாத்தா எங்கிட்ட இருக்கு, பார்க்கறியா?" என்று ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். திறந்தால் சென்ஹைசர் எச்.டி. 414!

நான் எழுந்தே நின்றுவிட்டேன். உலகத்தின் முதல் ஓப்பன் பேக் ஹெட்போன் அது. ஜெர்மனியில் 1968ல் வந்தது. அதற்கு முன்னால் ஹெட்போன் என்றால் தலையில் இரண்டு சட்டியைக் கவிழ்த்த மாதிரி கனமாக, மூடி இருக்கும். இவர்கள் சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு மெல்லிய வட்டம், அதன்மேல் பளீர் மஞ்சளில் ஸ்பாஞ்ச், அவ்வளவுதான் என்றார்கள். ஒரு கோடிக்கு மேல் விற்றது. முசே டின்னில் இருந்ததில் மஞ்சள் மட்டும் இல்லை. ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாகி டின்னின் அடியில் ரவா கேசரி மாதிரி கிடந்தது. "இதுக்கு இனிமே பஞ்சு எங்க கிடைக்கும்?" என்றார்.

கிடைக்கிறது! அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த மஞ்சள் பஞ்சு விற்கிறது. பாதிப் பேர் வாங்குவது வேறு கம்பெனிக்காக. அமெரிக்காவில் கிராடோ என்றொரு ஓப்பன் பேக் உண்டு. அதன் ரசிகர்கள் 414ன் மஞ்சள் பஞ்சை வாங்கி, நடுவில் அவர்கள் ஊர்க் கால் டாலர் காசை வைத்து வட்டம் போட்டு, ஓட்டை வெட்டி மாட்டுகிறார்கள். அந்தக் காசு 24 மி.மீ. சொச்சம். நம் பித்தளைக் கலர் ஐந்து ரூபாய்க் காசு 23 மி.மீ. ஆகவே கதிர்காமத்தில் யாராவது வெட்டினால் ஒரு மி.மீ. பேஸ் வித்தியாசப்படும்.

முசேவுக்கு ஒரு ஜோடி வரவழைத்தேன். 414க்குக் கத்தரி வேலை இல்லை, சொருகினால் போதும். அவருடையது 2000 ஓம். செல்போனில் போட்டால் முனகும். பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டிப் பிரெஞ்சு ரெக்கார்டு ஒன்றை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கண் கலங்குகிற மாதிரி இருந்தது. ஏதாவது உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "தம்பி, கேட்டுல பால்காரன் பெல் அடிக்கிறான் பாரு" என்றார்.

தம்பிக்கு வருகிறேன். பட்ஜெட் பத்தாயிரம் என்றான். அந்தக் காசை ஒட்டி ஹைஃபைமேன் எச்.இ. 400 எஸ்.இ. என்று ஒன்று இருக்கிறது. 2021ல் வந்தது. ப்ளானர் மேக்னெட்டிக் என்பார்கள். கூம்பு ஸ்பீக்கர் இல்லாமல், காந்தங்களுக்குப் பக்கத்தில் மெல்லிய படலம் முழுசாக ஆடும். ஒருகாலத்தில் இந்த ஜாதி சாதனம் பணக்காரக் காதுகளுக்கு மட்டும்தான். ஆனால் செல்போனுக்கு அசையாது, தனி ஆம்ப்ளிஃபயர் கேட்கும், எடையும் 400 கிராம் பக்கம். கழுத்துக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். நான் பிலிப்ஸ் கட்சி. சென்னையிலிருந்து நடக்கிற ஹெட்போன் ஸோன் மாதிரிக் கடைகள் வந்த பிறகு இதெல்லாம் துபாய் சித்தப்பாவை நம்பாமல் வாங்க முடிகிறது.

ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். பஸ்ஸிலும் ரோட்டிலும் போட்டுக்கொள்ளாதே. வெளிச்சத்தத்தை ஜெயிக்க வால்யூமைத் திருகுவாய். வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 என்றால் நாலே மணி நேரம். பஞ்சு மாற்றலாம், காது ஸ்பேர் கிடைக்காது.

"சரி சார். ராத்திரி வீட்லதான் கேப்பேன்" என்றான். "ஆனா வெளிய சத்தம் கசியும்ங்கறீங்களே, அம்மா திட்ட மாட்டாங்களா?"

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னேன். அம்மாவின் கட்டிலை இப்போது ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டோம். நேற்று ராத்திரி பதினொன்றுக்கு, அம்மா தூங்கியாயிற்று என்று நினைத்து ஒரு பழைய பி.சுசீலா பாட்டை மெதுவாக வைத்துக் கேட்டேன். முடிந்தது. அடுத்ததற்குப் போக விரலை எடுத்தேன்.

"தம்பி, அதையே இன்னொரு வாட்டி வை" என்றது இருட்டில் ஒரு குரல். "நடுவுல ஃபேன் சத்தத்துல ஒரு வரி விட்டுப்போச்சு."