பீடித் தாத்தாவுக்கு ஒரு ஸ்கேன்

ஆரல்வாய்மொழி போயிருக்கீங்களா? ரயிலில் நாகர்கோவில் போகும்போது ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கணவாய்க் காற்றில் ஒரு பீடி பற்றவைக்க நாலு தீக்குச்சி செலவாகும். டீக்கடை பெஞ்சுப் பெரியவர்கள் சளைக்காமல் கிழிப்பார்கள். இடுப்பு வலிக்கிறதே என்றால், ‘வாயுதான் தம்பி, கசாயம் குடிச்சா சரியாப் போவும்’ என்பார்கள்.

வாயுவாகவே இருக்கலாம். ஆனால், வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு நைந்துபோன சைக்கிள் டியூப் மாதிரி புடைக்கும். சாதாரணமாக அதன் அகலம் 2 செ.மீ. 3 செ.மீ. ஆகிவிட்டால் அதற்குப் பெயர் அனியூரிசம். பெரும்பாலும் வலிக்காது. வெடித்தால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. 1955-ல் ஐன்ஸ்டைன் போனது இதில்தான்.

வயிற்றில் ஜெல் தடவி ஒரே ஒரு ஸ்கேன், பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 67,800 ஆண்களை வைத்து ஆய்வு நடத்தினார்கள். ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்தச் சாவு 42 சதவிகிதம் குறைந்தது என்று 2002-ல் முடிவு வந்தது. இப்போது அங்கே 65 வயதாகும் ஆண்களுக்கு வீட்டுக்கே கடிதம் போகிறது. அமெரிக்காவில் 65 முதல் 75 வரை, ஒரு காலத்திலாவது புகைத்த ஆண்களுக்குச் சிபாரிசு செய்கிறார்கள்.

இங்கே? முப்பது வயது சாஃப்ட்வேர் பையனுக்கு ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜ். ஐம்பது வருஷம் பீடி இழுத்த தாத்தாவுக்கு ஒன்றுமில்லை. நான் பி.காம். படித்தவன். வரவு எங்கே இருக்கிறதோ அங்கே செலவு பண்ணாத கணக்கு எனக்குப் புரிவதில்லை!

‘தெற்காசிய ஆண்களுக்கு இது குறைவாச்சே?’ என்று டாக்டர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் ஊரையே கூப்பிட வேண்டாம் என்கிறேன். 5.5 செ.மீ. தொடும்வரை பொதுவாக ஆபரேஷன் கிடையாது, கண்காணிப்புதான். எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தால் பணமும் போகும், பலருக்குத் தூக்கமும் போகும்.

வீடு வீடாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருஷச் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. இருக்கட்டும், நல்ல சட்டம். ஆனால், 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கு வருகிறார்களே... அவர்கள் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். ‘பீடி, சிகரெட் உண்டா தாத்தா? அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது இப்படி ரத்தக்குழாய் வீங்கியிருக்கா?’ வயது 65 தாண்டி, ஒன்றுக்காவது ‘ஆமா’ என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு சீட்டு.

அதுவரை, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் காத்திருக்காதீங்க. வேறு எதற்காவது அவருக்கு வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது, ‘மகாதமனி அகலத்தையும் அளந்து எழுதிக் கொடுங்க’ என்று டாக்டரிடம் கேளுங்க.