குடிலுக்குக் காடு வேண்டாம், நடக்கிற தூரம் போதும்

போன மாசம் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில், இயற்கைக்கு நடுவில் ஒரு சின்ன தியானக் குடில் வடிவமைக்கச் சொல்லி ஒரு போட்டி வைத்தார்கள். மொத்தம் பதினொரு போஸ்டர். பதினொன்றிலும் மலைச்சரிவு, மூடுபனி, மூணு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒருத்தர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரெண்டர் எல்லாமே அழகு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்று ஒரு போஸ்டர்கூட சொல்லவில்லை.

என் கருத்து இதுதான்: தியானக் குடில் பசுமையானதா இல்லையா என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அது எதில் கட்டப்பட்டது என்பதல்ல, எங்கே இருக்கிறது என்பதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 அடிக்கு 10 அடி குடில். தாராளமாகவே 40 மூட்டை சிமென்ட் பிடிக்குதுன்னு வைத்துக்கொள்வோம், அதாவது 2 டன். ஒரு டன் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் தயாராகும்போது சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஆக 1.8 டன். இப்போ அந்தக் குடில் 300 கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மலையில் இருக்கு, மாசம் ஒரு தடவை காரில் போறோம். போக வர 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 40 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஒரு ட்ரிப்புக்கு 92 கிலோ, வருஷத்துக்கு 1.1 டன். ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ள கார் சிமென்ட்டை முந்திடும். சிமென்ட்டை விட்டுட்டு மூங்கிலிலேயே கட்டினாலும் பெட்ரோல் ஒரு சொட்டு குறையப்போவதில்லை.

இதில் பாதை வெட்டுவது, போர்வெல், செப்டிக் டேங்க், ராத்திரி எரியும் விளக்கு எதையும் சேர்க்கவில்லை. முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்தது நமக்குத் தெரியும். வழித்தடத்தைக் காக்கச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. நாம் அமைதி தேடிப் போகும் இடம் இன்னொரு உயிருக்கு வீட்டுக்குப் போகும் வழியாக இருக்கலாம்.

"அப்போ தோரோ?" என்று ஜூனியர் ஒருத்தன் கேட்டான். நல்ல கேள்வி. 1845-இல் வால்டன் குளக்கரையில் ஹென்றி டேவிட் தோரோ கட்டிய குடில் 10 அடிக்கு 15 அடி. செலவு 28 டாலர் 12½ சென்ட். பலகைக்காக ஒரு ரயில்வே தொழிலாளியின் பழைய குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்தார். முக்கியமான விஷயம், கன்கார்ட் ஊர் அங்கிருந்து ஒன்றரை மைல்தான். நினைத்தபோது நடந்தே ஊருக்குப் போய் வந்தார். எல்லாரும் அவர் குடிலைக் காப்பி அடிக்கிறோம், அந்த ஒன்றரை மைலை மட்டும் விட்டுவிடுகிறோம்.

நம்ம பக்கத்திலேயே உதாரணம் உண்டு. திருவண்ணாமலையில் ரமணர் பல வருஷம் இருந்த விரூபாட்ச குகையிலிருந்து இறங்கினால் ஊர். கோடையில் அவர் பக்கத்திலிருந்த மாமரக் குகைக்கு மாறிவிடுவார். வெயிலுக்கு ஏற்ப மனுஷன் நகர்ந்துகொள்வதும் ஒரு டிசைன்தானே?

நம்ம கேம்பஸுக்கு வருவோம். பின்பக்கம் வேப்பமரங்கள் இருக்கும் மேடு, வாட்டர் டேங்க்கைத் தாண்டி. அங்கே ஒரு குடில் கட்டலாம் என்கிறேன். கண்ணாடி கண்டிப்பாக வேண்டாம். ஏப்ரலில் நம்ம ஊர்க் கண்ணாடி அறைக்குள்ள தியானம் வராது, தக்காளி நாற்றுதான் வரும். சுவருக்கு ரேட் ட்ராப் பாண்ட். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கட்டுவது, லாரி பேக்கர் கேரளாவில் பரப்பியது. நடுவில் காலி இடம் விழுவதால் செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம், வெயிலும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே இறங்காது. மேற்குச் சுவரில் திறப்பே கூடாது. வடக்கிலும் தெற்கிலும் செங்கல் ஜாலி, அதில் கொசுவலை. மங்களூர் ஓட்டுக்கு அடியில் மூங்கில் தட்டி, ரெண்டுக்கும் நடுவே சூடான காற்று வெளியேற இடைவெளி. பாம்பு பயம் இருப்பதால் தரையை ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். ப்ளக் பாயின்ட் கிடையாது. ஒன்றே ஒன்று வைத்தாலும் அடுத்த வாரமே அது சார்ஜிங் ரூம் ஆகிவிடும்.

இதில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கு, சத்தம். சத்தத்தைத் தடுக்கக் கனமான, ஓட்டை இல்லாத சுவர் வேண்டும். காற்றுக்கு ஓட்டை வேண்டும். ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. ஏசி போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டால் ஜாலியைத்தான் தேர்ந்தெடுக்கணும். அப்புறம் அமைதியைச் சுவரிலிருந்து எதிர்பார்க்க முடியாது, தூரம்தான் தரணும். ஜெனரேட்டர் மாதிரி ஒரே இடத்திலிருந்து வரும் சத்தம், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 50 மீட்டரிலிருந்து 200 மீட்டருக்குப் போனால் 12 டெசிபல். ரோட்டு இரைச்சல் அப்படி இல்லை, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 3 டெசிபல்தான். அதனால் ஜெனரேட்டரை விட மெயின் ரோட்டிலிருந்துதான் அதிகம் விலகணும். வேப்பமர மேட்டைச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

"மலைக்குப் போனால் வர்ற ஃபீல் இங்க வராது" என்பார்கள். வராதுதான், ஒத்துக்கொள்கிறேன். கிளம்பிப் போவதிலேயே பாதி பாரம் இறங்கும். ஆனால் எத்தனை பேரால் போக முடியும்? எங்கள் ஹாஸ்டலில் ஒரு ரூமுக்கு நாலு பேர். மொட்டை மாடிக்குப் பூட்டு. ரிசல்ட் வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அரியர் விழுந்த பொண்ணு அழக்கூட இடமில்லாமல் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போனோம். அவளுக்கு அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை ஒரு மலைக்குடில் இருந்து என்ன பயன்? அப்போதே, ஐந்து நிமிஷ நடையில் இருந்திருக்கணும்.

கேர்ள்ஸ் ஹாஸ்டல் இன்-டைம் ஆறரை மணி. குடில் அந்த வேலிக்கு வெளியே இருந்தால் பாதிப் பேருக்கு அது இல்லாத மாதிரிதான். அதனால் ரெண்டு கட்டணும், ஒவ்வொரு ஹாஸ்டல் வேலிக்குள்ளும் ஒன்று. வேப்பமர மேடு பாய்ஸ் பக்கம். எங்கள் பக்கம் மெஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு புங்கமரம் இருக்கு, ரோட்டிலிருந்து அதுதான் அதிக தூரம். ஜாலிச் சுவர் இதற்கும் உதவும். உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியும், முகம் தெரியாது.

தரையை உயர்த்த மண் அடிக்கணுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கான்கிரீட் லேபுக்குப் பின்னாடி டெஸ்ட் பண்ணி உடைத்த க்யூப் வருஷக்கணக்காகக் குவிந்து கிடக்கு. 150 மில்லிமீட்டர் க்யூப் 300 சேர்ந்தால் ஏறக்குறைய 1 கன மீட்டர். ஒரு குடிலுக்குச் சுமார் 4 கன மீட்டர் வேண்டும். எண்ணிப் பார்க்க இந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போறேன். வர்றவங்க கிளவுஸ் எடுத்துட்டு வாங்க.