வேனுக்குள் ஒரு திரையரங்கு எதற்கு?

அறந்தாங்கியிலிருந்தும் கோட்டைப்பட்டினத்திலிருந்தும் கோடை விடுமுறையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வேன் அமர்த்தும் நம் குடும்பங்கள் முதலில் கேட்பது என்ன? "டிவி பெரியதா? பாட்டுச் சத்தம் நன்றாக இருக்குமா?" பழைய டிவியைக் கழற்றிவிட்டுப் பெரிய எல்.இ.டி. திரையையும் அதிரும் ஸ்பீக்கர்களையும் வண்ண விளக்குகளையும் வேன் உரிமையாளர்கள் பொருத்துவது நம் கேள்விக்கு அளிக்கும் விடையே. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

பயணியின் துஆ ஏற்கப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நம் வேன்களிலோ பயண துஆவையே சினிமாப் பாடல் விழுங்கிவிடுகிறது. பயணிக்காக நான்கு ரக்அத்களை இரண்டாகச் சுருக்கித் தந்தான் அல்லாஹ். படம் பாதியில் நிற்கக் கூடாதென்று, அந்த இரண்டு ரக்அத்களுக்குக்கூட வண்டியை நிறுத்த நமக்கு மனமில்லை!

"நீண்ட பயணம், பிள்ளைகள் சலித்துப்போவார்களே" என்பர். பூமியில் பயணம் செய்து, இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்று நோக்குமாறு குர்ஆன் (29:20) அழைக்கிறது. மலைப்பாதையில் திரையையே வெறித்திருக்கும் பிள்ளை எதை நோக்கும்? இரைச்சலில் தலைவலி தாளாத முதியோரும், பின்வரும் வண்டியின் ஹாரன் கேட்காத ஓட்டுநரும் அதே வேனில்தான் இருக்கிறார்கள்.

இனி வேன் அமர்த்தும்போது, "அஸருக்கு எங்கே நிறுத்துவீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். நம் கேள்வி மாறினால் வேனும் மாறும், இன்ஷா அல்லாஹ்.