விலைப்பலகை இல்லாத பங்க்

பெட்ரோல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை 2017 ஜூன் மாதம் வந்தது. ஆனாலும் எந்த பங்க்கிலும் அன்றைய விலை கண்ணில் படும்படி இருக்கிறது. ‘ஐந்நூறுக்குப் போடுங்க’ என்றால் ஐந்நூறுக்குப் போடுகிறார்கள். அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. மின்சாரக் காரோடு பொது சார்ஜிங் நிலையத்துக்கு வருபவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட நிச்சயமில்லை.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர் வழியில் இரண்டு இடங்களில் சார்ஜ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை என்றால் பெரும்பாலும் இரண்டு செயலிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் பதிவு, ஓடிபி, வாலட்டில் முன்பணம். யூனிட் என்ன விலை என்பது பல இடங்களில் செயலிக்குள் நுழைந்த பிறகே தெரிகிறது. அது வரி சேர்ந்ததா, சேராததா என்பது பில் வந்த பிறகு. மிஞ்சும் பணம் வாலட்டிலேயே கிடக்கும். அந்த நிறுவனத்தின் சார்ஜரை அவர் மறுபடி எப்போது பார்ப்பாரோ! செயலியில் பச்சையாகத் தெரிந்த சார்ஜர் நேரில் போய்ப் பார்த்தால் செத்துக் கிடப்பதும், தாங்கியில் சார்ஜிங் கன் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பதும் தனிக்கதை. தெருமுனை டீக்கடையில்கூட யூபிஐயில் பணம் வாங்கும் நாட்டில், பல லட்சம் ரூபாய் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு பணம் கட்ட வழி தேட வேண்டியிருக்கிறது. இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளரைத் தன் செயலிக்குள்ளேயே கட்டிப்போட நிறுவனங்கள் விரும்புகின்றன. அரசு அதற்கு இடம் கொடுக்கிறது.

விலைக்கு வருவோம். வேகமான டிசி சார்ஜரில் யூனிட் 20 ரூபாயைத் தாண்டுவது இன்று சாதாரணம். 24 ரூபாய் என்று கொண்டு 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 28 ரூபாய்க்கு மேல். யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் ஓடும் காருக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 35 காசு ஆகிறது. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் டீசல் கார், டீசல் 92 ரூபாய் என்றால், 4 ரூபாய் 60 காசில் ஓடிவிடும். மின்சாரக் காருக்காகக் கூடுதலாகச் செலவழித்தவருக்கு மிச்சம் கால் ரூபாய். வீட்டில் சொந்தமாகக் கார் நிறுத்துமிடமும் மீட்டரும் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் வீட்டு மின்கட்டணத்தில் சார்ஜ் செய்துகொள்வார்கள். தெருவில் கார் நிறுத்தும் வாடகை வீட்டுக்காரரும், நாளெல்லாம் ஓடும் டாக்சி ஓட்டுநரும்தான் பொது சார்ஜரை நம்பியிருக்கிறார்கள். வசதி குறைந்தவருக்கே விலை அதிகம் என்ற இந்த ஏற்பாட்டை எந்தப் பசுமைக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது.

இதில் அரசின் கைவரிசையும் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே மின்சாரம் பொது சார்ஜர் வழியாக வந்தால் 18 சதவீதம். சார்ஜ் செய்து தருவது மின்விற்பனை அல்ல, சேவை என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை விளக்கம் அளித்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டிய கட்டாயம் அதனால் நீங்கியது; உணவகமும் வணிக வளாகமும் சார்ஜர் வைக்க முடிந்தது. நல்ல முடிவுதான். ஆனால் சேவை என்றால் சேவைக்கான வரி உண்டே என்று 2023-இல் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் கணக்கை முடித்துவிட்டது. 2019 ஆகஸ்ட் முதல் மின்சாரக் காருக்கு 5 சதவீதம், சார்ஜர் இயந்திரத்துக்கு 5 சதவீதம். அந்த இயந்திரத்தில் அந்தக் காரைச் சார்ஜ் செய்ய மட்டும் 18. இதையும் 5 சதவீதமாக்க ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாடு குரல் கொடுக்க வேண்டும். முழு விலக்கு வேண்டாம். விலக்கு அளித்தால் நிறுவனங்கள் தாங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் அது விலையில் ஏறும்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இயந்திரம், டிரான்ஸ்பார்மர், இடவாடகை எல்லாம் போட்டுவிட்டு நாளின் பெரும்பகுதி காருக்காகக் காத்திருப்பவர்களிடம் விலையைப் பாதியாக்கு என்பது கடையை மூடு என்பதற்குச் சமம். நாம் அதைக் கேட்கவில்லை. விலையை வாசலில் எழுதிப் போடுங்கள், யார் வந்தாலும் பணம் கட்டும்படி வையுங்கள், இயந்திரத்தை ஓட விடுங்கள் என்கிறோம். பக்கத்துப் பக்கத்து நிலையங்களின் விலை சாலையிலிருந்தே தெரிந்தால் போட்டி தன் வேலையைச் செய்யும்.

இதைச் சாதிக்கும் கருவி மத்திய அரசின் கையிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடியில் 2,000 கோடி ரூபாய் சார்ஜிங் நிலையங்களுக்கு; இலக்கு சுமார் 72,300 சார்ஜர்கள். எல்லா நிலையங்களையும் இணைக்கும் ஒரே செயலியை உருவாக்கும் பொறுப்பு பெல் நிறுவனத்திடம் தரப்பட்டிருக்கிறது. வரட்டும்; எங்கே சார்ஜர் காலியாக இருக்கிறது என்று பார்க்க அது உதவும். ஆனால் பணம் கட்ட அந்தச் செயலியும் கட்டாயமாகிவிடக் கூடாது. சார்ஜரின் முகப்பில் ஒரு க்யூஆர், 500 ரூபாய் கட்டினால் 500 ரூபாய்க்கு மின்சாரம், பாதியில் நின்றால் மீதி அதே கணக்குக்குத் திரும்புதல்: இவ்வளவும் இல்லாத நிலையத்துக்கு மானியம் இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மானியத்தின் பெரும்பங்கும் நட்ட சார்ஜர்களின் எண்ணிக்கைக்காக அல்லாமல், அவை ஓடிய நேரத்துக்காகத் தரப்பட வேண்டும்.

பிரிட்டனில் இது சட்டமாகவே வந்துவிட்டது. 2023-இல் கொண்டுவந்த விதிகளின்படி 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் 2024 நவம்பர் முதல் அட்டையைத் தட்டினாலே பணம் பெற வேண்டும். விலையை யூனிட்டுக்கு இத்தனை பென்ஸ் என்று காட்ட வேண்டும். வேக சார்ஜர்கள் ஆண்டுச் சராசரியில் 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும். வரி விஷயத்தில் அவர்களுக்கும் நம் நோய்தான்: வீட்டில் 5 சதவீதம், வெளியே 20 சதவீதம்.

மாநில அரசு டெல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு தருவது நம் மின்வாரியம். சார்ஜிங் நிலையங்களுக்கான தனிக் கட்டணத்தை நிர்ணயிப்பது நம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். சூரிய மின்சாரம் பெருகும் காலை 9 முதல் மாலை 4 வரை நிலையங்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. சூரிய மின்சாரத்தில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாமல் எங்கே பொருந்தும்? ஆனால் நிலையத்துக்குக் கிடைக்கும் பகல் சலுகை கார்காரரின் பில்லில் இறங்குகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? இறக்காத நிலையத்துக்கு அந்தத் தனிக் கட்டணம் தேவையில்லை. மற்ற கடைகளைப் போல வணிகக் கட்டணத்தையே கட்டட்டும்.