எடைமேடையும் பலிமேடையும்

2026 செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி மாகாணத்திலும் நகோயா நகரிலும் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ள 20ஆவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், கலப்புத் தற்காப்புக் கலை முதன்முறையாகப் பதக்க விளையாட்டாக இடம்பெறுகிறது. 2025 ஏப்ரலில் நகோயாவில் கூடிய அமைப்புக் குழு இதற்கு ஒப்புதல் அளித்தது. ஆறு பதக்கப் பிரிவுகள். ஜூ-ஜிட்சுவும் உஸ்பெக் மரபின் குராஷும் 2018இல் ஜகார்த்தா – பாலெம்பாங் போட்டியிலேயே உள்ளே வந்துவிட்டன. இப்போது கடைசிக் கதவும் திறந்திருக்கிறது.

இந்தக் கலையை நேசிக்கும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி. அதிலும் அது ஜப்பானில் நிகழ்வது பொருத்தமோ பொருத்தம். சதோரு சயாமா 'ஷூட்டோ'வை வகுத்ததும், 1993இல் 'பான்கிரேஸ்' பிறந்ததும் அந்த மண்ணில்தான். 2000 மே 1 அன்று தோக்கியோ டோமில் கசுஷி சகுராபா, ராய்ஸ் கிரேசியோடு தொண்ணூறு நிமிடங்கள் பொருதி, எதிரணியின் துண்டு களத்தில் வந்து விழும்வரை ஓயாதிருந்ததும் அங்கேதான். கிடுக்குப்பிடியும் கழுத்துநெரிப்பும் வெறும் முரட்டுத்தனமல்ல, அவற்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதை உலகம் அந்த அரங்குகளில்தான் கற்றுக்கொண்டது.

ஆயினும் வாழ்த்துப்பா பாடுவது நம் நோக்கமன்று. ஒரு விளையாட்டு புதிய வீட்டில் குடியேறும்போது பழைய வீட்டின் கரையான்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாகாது. நாம் சொல்லவரும் கரையானுக்கு ரசிகர் வழக்கில் 'வெயிட் கட்' என்று பெயர். எடைபார்க்கும் நாளுக்காக உடலிலுள்ள நீரை வலிந்து வெளியேற்றி, எடை பார்த்து முடிந்ததும் அவசர அவசரமாகத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அது.

இதன் செய்முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலில் சில நாள்கள் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டும். உடல் அந்த வேகத்தில் நீரை வெளியேற்றப் பழகும். பிறகு குடிப்பதைத் திடீரென நிறுத்திவிட வேண்டும். உடலோ பழகிய வேகத்திலேயே வெளியேற்றிக்கொண்டிருக்கும். உப்பும் மாவுச்சத்தும் நிறுத்தப்படும். கடைசி இரவில் வெந்நீர்த் தொட்டி, நீராவி அறை, வியர்வை வெளியேறாத ரப்பர் சட்டை. அதுவும் போதாதென்றால் எச்சிலைத் துப்பித் துப்பிக் கிராம் கணக்கைச் சரிசெய்வது. உடலின் உப்புச் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், சிறுநீரகம் பழுதுறும், மூளையைத் தாங்கிநிற்கும் நீரும் குறையும். அடுத்த நாள் அந்த மூளையின்மீதுதான் குத்து விழப்போகிறது.

இது மிகையன்று என்பதற்குக் கல்லறைகளே சாட்சி. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஐந்தே வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூவர் எடைகுறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர். 2013 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவில் ஷூட்டோ பிரேசில் போட்டிக்கு எடைபார்க்கும் முன்பே ஒரு வீரர் மடிந்தார். 2015 டிசம்பர் 11 அன்று மணிலாவில், 'ஒன் சாம்பியன்ஷிப்' மேடையேற வேண்டிய நாளில், சீன வீரர் யாங் ஜியான் பிங் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 21. இவர்களில் ஒருவரையும் எதிராளி வீழ்த்தவில்லை. களத்துக்குள் ஒருவரும் காலெடுத்து வைக்கவேயில்லை.

இங்கே ஒரு விந்தையை எண்ணிப்பார்க்க வேண்டும். 1993 நவம்பரில் டென்வர் நகரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில் எடைப் பிரிவு என்ற ஒன்றே கிடையாது. மெலிந்த தேகத்தினரான ராய்ஸ் கிரேசி தம்மினும் கனத்தவர்களைத் தரையில் கிடத்திப் பணியவைத்தார். அந்நாளில் இதைச் சேவற்சண்டைக்கு ஒப்பிட்டு அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயின் கண்டித்தார். அதன் பின்னர் நாகரிகப்படுத்தும் முயற்சியாக வந்தவற்றுள் ஒன்றுதான் எடைப் பிரிவு. 1997இல் அது யூ.எஃப்.சி.யில் நுழைந்தது. மெலியாரை வலியாரிடமிருந்து காப்பதே அதன் பயன். காக்க வந்த வேலியே இன்று பயிரை மேய்ந்துகொண்டிருக்கிறது. 77 கிலோப் பிரிவில் நிற்பவர் உண்மையில் 77 கிலோ மனிதர் அல்லர். எண்பத்தைந்து கிலோ மனிதர் ஒரு காலைப்பொழுதில் மட்டும் 77 கிலோவாக வேடம் போடுகிறார். எதிரில் நிற்பவரும் அதே வேடத்தைப் போடுகிறார். இருவரும் சமமாக வதைபட்டு, இறுதியில் ஒருவர்மீது ஒருவர் பெற்ற அனுகூலம் பூஜ்யம்.

"வயதுவந்த தொழில்முறை வீரர்கள் தாமே விரும்பிச் செய்கிறார்கள், உங்களுக்கு ஏன் இந்த விசனம்?" என்று கேட்போர் உண்டு. விருப்பம் என்பதன் பொருளை இவர்கள் மறுபடி அகராதியில் தேடட்டும். எல்லோரும் குறைக்கிற களத்தில் குறைக்க மறுப்பவன், தன்னிலும் பத்துக் கிலோ கனத்தவனை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஒருவன் மட்டும் விலகினால் அவனுக்கு நட்டம், எல்லோரும் சேர்ந்து விலகினால் எல்லோருக்கும் நன்மை. இத்தகைய முடிச்சைத் தனிமனித மனவுறுதி அவிழ்க்காது, விதிதான் அவிழ்க்கும். விதி வகுக்க வேண்டியவர்கள் 'அவரவர் விருப்பம்' என்று கைகழுவுவது சப்பைக்கட்டு.

இன்னும் சிலர் இதை வீரம் என்கிறார்கள். தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் இந்தச் சொல்லாட்சி நம்மை மிகவும் உறுத்துகிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய மற்போரைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அங்கே போற்றப்படுவது காலும் மார்பும் கையும் செய்த வேலை. மோதலுக்கு முன் உண்ணாமல் கிடந்த கதையன்று. உண்ணாநோன்பும் நம் மரபில் உண்டுதான். வடக்கிருந்தோர் மானத்துக்காகவும் நட்புக்காகவும் உயிர்விட்டனர். இருநூறு கிராமுக்காக ஒரு குளியல்தொட்டியில் மயங்கிக் கிடப்பதை அந்த வரிசையில் வைப்பவர்களுக்கு வீரமும் தெரியவில்லை, நோன்பும் தெரியவில்லை.

இந்தியப் பத்திரிகைகள் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட விதம் தனியே குறிப்பிடத் தக்கது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமன் செஹ்ராவத் அரையிறுதியில் தோற்றபின் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து, மறுநாள் வெண்கலம் வென்றார். ஊடகங்கள் அதை ஒரு சாகசமாகக் கொண்டாடித் தீர்த்தன. 2025 செப்டம்பரில் ஜாக்ரெப் உலகப் போட்டியில் அதே அமன் 1.7 கிலோ மிகையால் தகுதி இழந்தார். உடனே பொறுப்பின்மை என்று குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. மல்யுத்தச் சம்மேளனம் ஓராண்டுத் தடை விதித்துப் பின்னர் விலக்கிக்கொண்டது. முதல் முறை உடல் இசைந்தது, இரண்டாம் முறை இசையவில்லை. வேறுபாடு அவ்வளவே. இசைந்தால் மாலை, இசையாவிட்டால் தண்டனை என்றால், பிழை வீரருடையதா, அந்தச் சூதாட்டத்தை வழக்கமாக்கிய ஏற்பாட்டினுடையதா?

வினேஷ் போகாட்டின் கதை எல்லோரும் அறிந்தது. 2024 ஆகஸ்ட் 6 அன்று, சர்வதேசக் களத்தில் அதுவரை தோல்வியே காணாத யுய் சுசாகியை முதல் சுற்றிலேயே வென்று, இறுதிவரை முன்னேறினார். மறுநாள் காலை 50 கிலோப் பிரிவில் 100 கிராம் மிகை. இரவெல்லாம் உழைத்தும், தலைமுடியைக் கத்தரித்தும் பயனில்லை. விதிப்படி கடைசி இடம். விளையாட்டு நடுவர் மன்றமும் அவர் முறையீட்டைத் தள்ளிவிட்டது. அப்போது எழுந்த கூக்குரலெல்லாம் அந்த நூறு கிராமைப் பற்றியதாகவே இருந்தது. சதி என்றனர், அரசியல் என்றனர், பயிற்சிக் குழுவின் அலட்சியம் என்றனர். 53 கிலோவில் ஆடிவந்த ஒருவர் ஏன் 50க்கு இறங்க நேர்ந்தது என்று கேட்டவர் சிலரே. ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தத்துக்கு இருப்பவை ஆறே பிரிவுகள். உலகப் போட்டியிலோ பத்து. 53இல் இந்தியாவின் இடம் அந்திம் பங்காலுக்குப் போயிற்று. எஞ்சிய வாசல்களில் அவருக்கு அண்மையில் இருந்தது 50. வாசலைக் குறுக்கிவிட்டு, நுழைபவர் ஏன் தோளைக் குறுக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

வினேஷின் கதையைக் காட்டியே நம் கருத்தை மறுப்போரும் உண்டு. "போட்டி நாளன்று காலையில் எடைபார்க்கும் முறைதானே அங்கிருந்தது? அப்படியும் வதை நிற்கவில்லையே? முதல்நாளே எடைபார்த்தால் நீரைத் திரும்ப நிரப்பிக்கொள்ள அவகாசமாவது கிடைக்குமே?" என்கிறார்கள். இது நேர்மையான வாதம். விடை சொல்லத் தகுந்தது.

முதல்நாள் எடைபார்க்கும் முறை எதைத் தந்தது என்று பார்ப்போம். 2016 முதல் யூ.எஃப்.சி.யில் போட்டிக்கு முந்தைய நாள் காலையிலேயே எடை பார்த்துவிடுகிறார்கள். மாலையில் ரசிகர் முன்னிலையில் நடப்பது சடங்கு, அந்தத் தராசு வெறும் நாடகப் பொருள். அவகாசம் கூடியதால் வீரர்கள் எச்சரிக்கையாக இருந்தனரா? 2017 மார்ச்சில் டோனி ஃபெர்குசனோடு மோதவிருந்த கபீப் நுர்மகமெதோவ் எடைகுறைப்பின்போது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மாதக் கணக்கில் காத்திருந்த போட்டி முந்தைய நாளில் ரத்தாயிற்று. அவகாசம் கூடினால் துணிச்சலும் கூடும். மனித இயல்பு அப்படி.

ஆகவே நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பதை ஒப்புக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து வர வேண்டும். முதலாவது, பயிற்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே, உடலில் நீர் குறையாத நிலையில் அளந்து, ஒவ்வொருவரும் இறங்கத்தக்க கீழெல்லையை உறுதிசெய்வது. இரண்டாவது, எடைபார்க்கும்போதே சிறுநீரின் அடர்த்தியையும் பார்ப்பது. நீர் வற்றிய உடல் என்றால் எடை சரியாக இருந்தாலும் அது சரியன்று. மூன்றாவது, எடைப் பிரிவுகளுக்கிடையே உள்ள பள்ளத்தைத் தூர்ப்பது.

இவை கனவுகள் அல்ல. மூன்று மாணவர்களின் மரணத்துக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நீராவி அறையையும் ரப்பர் சட்டையையும் தடைசெய்தது. எடைபார்க்கும் நேரத்தைப் போட்டியை ஒட்டிக் கொண்டுவந்தது. நீர்நிலைச் சோதனையுடன் கீழெல்லையை நிர்ணயித்தது. யாங் ஜியான் பிங் இறந்த சில வாரங்களுக்குள் 'ஒன்' அமைப்பு நீரை வற்றவைத்து எடைகுறைப்பதைத் தடைசெய்து சிறுநீர்ச் சோதனையைப் புகுத்தியது. ஐ.பி.ஜே.ஜே.எஃப். நடத்தும் ஜூ-ஜிட்சுப் போட்டிகளில் சீருடையோடு தராசில் ஏறியவர் சற்று நேரத்தில் விரிப்பில் ஏறுகிறார். ஜூடோவில் முதல்நாள் எடைபார்த்தாலும், மறுநாள் காலையில் சிலரைக் குலுக்கலில் எடுத்து, ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எடை ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நகோயாவில் கூடப்போகிறவர்கள் பலர் இந்தக் கலைகளிலிருந்தே வருகிறவர்கள். அவர்களுக்கு இவையெல்லாம் அந்நியமல்ல.

"சோதனையையும் ஏமாற்றுவார்களே?" ஏமாற்றுவார்கள். தேர்வறையில் துண்டுத்தாள் கொண்டுவரும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்துவருகிறோம். அதற்காகத் தேர்வையே எடுத்துவிடுங்கள் என்று எந்த ஆசிரியரும் எழுதிக்கொடுத்ததில்லை. கண்காணிப்பாளரைக் கூட்டச் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம்.

ரசிகர்களிடமும் நமக்குச் சொல்ல உண்டு. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, இருவர் தாங்கிப்பிடிக்கத் தராசில் ஏறும் மனிதரைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள் யார்? எடை தவறியவரை 'தொழிலுணர்வற்றவர்' என்று ஏசுகிறவர்கள் யார்? தரைப்போரை உண்மையாகவே ரசிப்பவர், வற்றிய உடலால் அக்கலைக்கு நேரும் கேட்டையும் அறிவார். மூன்றாம் சுற்றில் பிடி தளர்வது, கழுத்து கைக்குள் வந்தபின்னும் இறுக்க வலுவில்லாமல் நழுவவிடுவது, கீழே கிடப்பவர் இடுப்பை அசைக்கவும் இயலாமல் சோர்வது ஆகியவற்றில் எத்தனை எதிராளியின் திறமையால் நேர்ந்தவை, எத்தனை முந்தைய நாள் வெந்நீர்த் தொட்டியால் நேர்ந்தவை? நல்ல சேவலை வளர்ப்பவன்கூடக் கம்பும் கேழ்வரகும் போட்டுத்தான் வளர்ப்பான். சேவற்சண்டை என்ற பழியைத் துடைக்கப் பாடுபட்ட விளையாட்டு, சேவலுக்குக் கிடைக்கும் தீனியைத் தன் வீரனுக்கு மறுக்கலாமா?

முதல் போட்டியில் எழுதப்படும் விதி மரபாகிவிடும். பின்னர் அதை அசைக்க ஒரு மரணம் வேண்டியிருக்கும். 1997இலும் 2015இலும் அப்படித்தான் அசைந்தது. ஆசியக் களத்தில் இந்தக் கலைக்கு இப்போது கிடைத்திருப்பது எழுதப்படாத தாள். ஆறு பிரிவுகளின் பதக்கங்களை யார் வாங்குவார் என்று ஆரூடம் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். சொல்லட்டும், நாமும் கேட்டு ரசிப்போம். அமைப்பாளர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: தராசைப் போட்டிக்கு அருகே கொண்டுவாருங்கள், அதன் பக்கத்தில் ஒரு சிறுநீர்ச் சோதனைக் குப்பியையும் வையுங்கள். பயணப்படும் அத்தனை வீரர்களும் தோற்றாலும் வென்றாலும் தம் கால்களால் நடந்து வீடு திரும்பட்டும்.